‘ஹலால் பெய்லிஸ்’ போத்தலில் திகதி எங்க?

பெருநாளைக்கு மச்சான் ஒருத்தன் ஒரு போத்தலோட வீட்டுக்கு வந்தான். உள்ளே பால்கோப்பி நிறத்துல கொழகொழ எண்டு ஏதோ ஒண்டு. “ஹலால் பெய்லிஸ்டா” எண்டான். யூடியூப் பார்த்து அவனே செய்ததாம். கிரீம், டின்பால், கோப்பி, வனிலா எல்லாம் இருக்கு, விஸ்கி மட்டும் இல்ல. ஆளுக்கொரு கிளாஸ் குடிச்சம். ருசி நல்லாத்தான் இருந்தது. மூத்தம்மா மட்டும் பெயரைக் கேட்டதும் கிளாஸைத் தள்ளி வெச்சிட்டா.

மிச்சத்தைப் பிரிட்ஜுக்குள்ள மறந்துபோய், பத்து நாள் கழிச்சு எடுத்துக் குடிச்சது நான். அதுக்குப் பிறகு ரெண்டு நாள் வயிறு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த ரெண்டு நாளும் படுத்துக்கிடந்து யோசிச்சதைத்தான் இங்க எழுதுறேன்.

இந்தப் பானத்தை வீட்டில செய்யாதீங்க எண்டு சொல்ல வரல்ல. தாராளமாச் செய்யுங்க. ஆனா நம்மட ஊர்ல இதைப் பத்திக் கதை வந்தா எல்லாரும் பெயரைப் பிடிச்சுக்கொண்டுதான் சண்டை போடுறம். போத்தலுக்குள்ள என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல.

பெயர் முக்கியமில்ல எண்டும் நான் சொல்லல்ல. 2016இல் மலேசியாவில் ஹலால் சான்றிதழ் கேட்ட ஒரு கடையிடம், ‘டோக்’ எண்ட சொல்லை உணவின் பெயரிலிருந்து எடுக்கச் சொன்னது பெரிய செய்தியானது. ஆனா ‘கோப்பி’ எண்ட சொல்லோட கதையையும் கொஞ்சம் பாருங்க. அது வந்தது ‘கஹ்வா’ எண்ட அரபுச் சொல்லிலிருந்து. பழைய அரபியில் அதே சொல் மதுவையும் குறித்தது. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டுச் சூஃபிகள் இரவு திக்ருக்குக் கண்விழிக்கக் கோப்பி குடிச்சாங்க. 1511இல் மக்காவில் அதுக்குத் தடை வந்தது, பிறகு அந்தத் தடை நிலைக்கல்ல. இன்றைக்கு மௌலூது வீட்டிலும் மையத்து வீட்டிலும் கோப்பி கொடுக்கிறம். ஒரு பெயர் எங்க தொடங்கினாலும் எங்க போய்ச் சேரும் எண்டு சொல்ல ஏலாது.

இப்ப போத்தலுக்குள்ள வருவம். பெய்லிஸ் 1974இல் அயர்லாந்தில் சந்தைக்கு வந்தது. பாலாடைக் கிரீமும் விஸ்கியும் சேர்ந்தது, அற்ககோல் 17 வீதம். மெக்சிகோவின் கலூவா 1936இல் தொடங்கியது, அது கோப்பியும் ரம்மும். இந்த மாதிரிப் பானத்துல அற்ககோல் போதைக்கு மட்டுமில்ல, மூணு வேலை பார்க்குது. கோப்பி, வனிலா மாதிரிச் சாமான்களின் வாசத்தை இழுத்து எடுக்கிறது ஒண்டு. தொண்டையில அந்தச் சூட்டைக் கொடுக்கிறது ரெண்டாவது. கிரீமைக் கெட்டுப்போகாமக் காக்கிறது மூணாவது. அதை எடுத்துட்டா மூணு வேலையையும் வேற யாராவது பார்க்கணும்.

முதல் ரெண்டும் நமக்குப் பெரிய விசயமில்ல. 50 கிராம் கோப்பித்தூளை 400 மில்லிலீற்றர் பச்சைத் தண்ணியில் போட்டு ராத்திரி முழுக்கப் பிரிட்ஜில் வெச்சு, காலையில் துணியில் வடிங்க. கசப்புக் குறைஞ்ச, நல்ல வாசமான கட்டிக் கோப்பி வரும். சூட்டுக்கு வேர்க்கொம்பு இருக்கு. அதோட கறுவா, ஏலம் சேர்த்து அரைக் கப் தண்ணியில் கொதிக்க வெச்சு ஆறவிடுங்க. பச்சை இஞ்சியை மட்டும் பிழிஞ்சு ஊத்திடாதீங்க, அதுல இருக்கிற நொதியம் பாலைத் திரைச்சுப்போடும். எல்லாம் நல்லாக் குளிர்ந்த பிறகுதான் டின்பாலும் கிரீமும் சேரணும். மூத்தம்மா தடிமனுக்குப் போட்டுத் தாற வேர்க்கொம்புக் கோப்பிக்கு இது சொந்தக்காரப் பிள்ளைதான்.

மூணாவது வேலையிலதான் நாம தோற்கிறம். டின்பால் மாதக்கணக்கில் கெடாதே எண்டு நினைப்பீங்க. அதைக் காக்கிறது அதுல இருக்கிற அளவுக்கதிகமான சீனி. டின்னைத் திறந்து தண்ணியும் கோப்பியும் கலந்ததும் அந்தக் காவல் போயிடும். அதுக்குப் பிறகு அது வெறும் பால்தான். பிரிட்ஜ் 5 பாகைக்குக் கீழே இருந்தாலும் மூணு நாளுக்குள்ள முடிச்சிடணும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன நாடு இது. பிரிட்ஜை நம்பிக் கிரீமைச் சேமிக்கிறது நமக்குச் சரிவராது. கட்டிக் கோப்பியைத் தனியா வெச்சு, குடிக்கிற நேரம் கிரீமைக் கலக்கிறதுதான் புத்தி.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்றேன் எண்டா, இப்ப வீட்டிலிருந்து போத்தலில் அடைச்சு விற்கிற தங்கச்சிமாரும் ராத்தாமாரும் இருக்காங்க. அது நல்ல விசயம், அவங்கட கையில நாலு காசு சேருது. ஆனா லேபலில் ‘ஹலால்’ எண்டு பெரிசா எழுதுற நாம, செய்த திகதியையும் முடியிற திகதியையும் எழுத மறக்கிறம். வனிலா எசன்ஸில் அற்ககோல் இருக்கா எண்டு போத்தலைத் திருப்பிப் பார்க்கிறதும் குறைவு. வாங்குறவனும் “விஸ்கி இல்லைதானே” எண்டு கேட்டுட்டு விட்டிடுறான். ஹலால் மட்டுமில்ல, தய்யிபாவும் இருக்கணும் எண்டு ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கம்? நல்ல, சுத்தமான உணவு எண்டுதானே அதுக்கு அர்த்தம். ஒருத்தரோட பிள்ளை குடிச்சு வயித்தோட்டத்தில் கிடந்தா, விஸ்கி இல்ல எண்டது அந்தத் தாய்க்கு ஆறுதலா?

போன கிழமை நானே செய்தேன். சின்னப் போத்தல், கொதிதண்ணியில் கழுவினது, மேலே பேனையால் திகதி. மூத்தம்மாட கையில கொடுத்து “வேர்க்கொம்புக் கிரீம் கோப்பி” எண்டேன். முழுக் கிளாஸையும் குடிச்சிட்டு, “சீனி கூடிட்டு மனே” எண்டா. அடுத்த முறை குறைக்கணும்.