ஊர் கூடி எழுதுவோம்!

‘ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்’ என்பது ஆன்றோர் மொழி. இணையத்தளம் என்னும் தேருக்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு வரியை மாற்றுவதற்கும் கணினி மொழி கற்றவரையே நாட வேண்டுமென்றால் ஊரார் எவ்வாறு வடம் பிடிப்பது? இக்குறையைத் தீர்க்க வந்ததே ‘உள்ளடக்க மேலாண்மை முறைமை’ என்னும் மென்பொருள். 2003-ஆம் ஆண்டு வெளிவந்த வேர்டுபிரஸ் இதற்கு நல்ல சான்று.

இதன் பயன்கள் பல. பக்கத்தின் தோற்றத்தையும் அதில் இடும் செய்தியையும் இது தனித்தனியே வைக்கிறது. ஒரே பேட்டனில் பல வண்ணப் பனியன்கள் தைப்பது போல ஒரே அமைப்பில் பல பக்கங்களை உருவாக்கலாம். எழுதுபவருக்குத் தட்டச்சு தெரிந்தால் போதும்.

அடுத்தது வேலைப் பங்கீடு. நம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங், ஓவர்லாக், பேட்லாக் என ஆளுக்கொரு வேலை உண்டு. செக்கிங் முடிந்த பிறகே சரக்கு பெட்டிக்குள் போகும். வேர்டுபிரஸிலும் ‘பங்களிப்பாளர்’ எழுதலாம், வெளியிட முடியாது. ‘தொகுப்பாளர்’ பார்த்து ஒப்பிய பின்பே அது வெளிவரும். ஆகவே, மாணவியர் கையில் கொடுத்தால் பிழை மலிந்துவிடும் என்று பெரியோர் அஞ்ச வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் மேலான பயன், பழைய படிகளைக் காத்து வைப்பதே என்பது எங்கள் கருத்து. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா, மீடியாவிக்கி என்னும் மென்பொருளால் இயங்குகிறது. எந்தக் கட்டுரையிலும் ‘வரலாறு’ என்ற பகுதியைத் திறந்தால், எந்தப் பயனர் எப்போது எதை மாற்றினார் என்பது தெரியும். தவறான மாற்றத்தை நீக்கி முந்தைய வடிவை மீட்கலாம். இவ்வசதி இல்லையேல், ஊதியம் கருதாதோர் பலர் கூடி ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சேர்த்திருக்க இயலுமா?

கடவுச்சொல்லைக் காப்பதும் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும் நம் பொறுப்பு. கதவைப் பூட்டாமல் திருடனைப் பழிப்பதில் பயனில்லை.

ஏற்றுமதி நிறுவனங்கள் அயல்நாட்டு வணிகருக்காக ஆங்கிலத்தில் தளம் அமைப்பது இயல்பே. ஆயினும் நொய்யலின் கதையையும், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து உழைக்கும் அன்னையரின் தொழில் அறிவையும், அவர்கள் நாவில் வழங்கும் தொழிற்சொற்களையும் தமிழில் யார் எழுதி வைப்பது? அந்த இல்லங்களின் பிள்ளைகளாகிய நாம் அல்லவா?

ஆகவே ஒவ்வொரு பள்ளியும் தன் இணையத்தளத்தில் மாணவியருக்குப் ‘பங்களிப்பாளர்’ என்னும் இடத்தை வழங்க வேண்டும். ஆசிரியைகள் தொகுப்பாளராக இருந்து எங்களைத் திருத்தட்டும். தோழியரே, கருவி ஆயத்தமாக உள்ளது. வடம் பிடிக்க வாரீர்!