தீர்மானத்தின் வாசகம் முன்கூட்டியே மக்கள் கையில் இருக்கவேண்டும்: எங்கள் நிலைப்பாடு

கிராம சபையில் வாக்குக்கு வரும் ஒவ்வொரு முக்கியத் தீர்மானத்தின் முழு வாசகமும், கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்பே, ஊர்க்காரர் கையில் எளிய தமிழில் இருக்கவேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்காக நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர், தான் இதற்கு உடன்படுகிறாரா இல்லையா என்பதைத் தேர்தலுக்கு முன்பே சொல்லவேண்டும். வேம்பாறு முதல் பெரியதாழை வரை மீனவர்களும் சங்குகுளிப்போரும் உப்பளத் தொழிலாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் சேர்ந்திருக்கிற எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. நாங்கள் எந்தக் கட்சியையும் சார்ந்தவர்கள் அல்லர்.

இதற்கு வெளிநாடுகளில் முன்மாதிரி உண்டு. கலிஃபோர்னியாவில் 2024 மார்ச் முதல்நிலைத் தேர்தலின்போது, மனநலச் சிகிச்சைக்கும் வீட்டுவசதிக்கும் 638 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிடலாமா என்ற கேள்வியும் வாக்குச்சீட்டில் இருந்தது. ‘ஆம்’ என்றால் என்ன நடக்கும், ‘இல்லை’ என்றால் என்ன நடக்கும், செலவு யார் தலையில் விழும், ஆதரிப்போரும் எதிர்ப்போரும் என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் அரசே அச்சிட்டு வாக்காளருக்கு முன்கூட்டியே தந்துவிடுகிறது. சுவிட்சர்லாந்திலும் இந்த வழக்கம் உண்டு. நம் நாட்டில் ஒரு சட்டத்தின் மீதோ வரியின் மீதோ மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முறை இல்லை. ஆனாலும் 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடம், மகாராஷ்டிரத்துடன் இணைவதா, ஒன்றியப் பிரதேசமாகவே நீடிப்பதா என்று கேட்டார்கள். இணைப்புக்குப் பூ, தனித்திருப்பதற்கு இரட்டை இலை எனச் சின்னம் கொடுத்தார்கள். எழுத்தறியாதவருக்கும் கேள்வி விளங்கியது. 34,021 வாக்கு வித்தியாசத்தில் கோவா தனித்து நின்றது.

இன்று மக்களிடம் நேராகக் கேள்வி வரும் இடங்கள் நமக்கு இரண்டு. ஒன்று, அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் உறுதி செய்த கிராம சபை. மற்றது, 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம். இவற்றின் மதிப்பு தூத்துக்குடிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஊர்களுக்குத் தெரிந்திருக்காது.

2013-இல் உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் நியம்கிரி மலை மக்களிடமே கேட்டு முடிவெடுக்கச் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. வேதாந்தாவின் ஆலைக்காகத் திட்டமிடப்பட்ட பாக்சைட் சுரங்கத்தைப் பன்னிரண்டும் மறுத்தன. மறு ஆண்டு மத்திய அரசும் அனுமதியை மறுத்தது. அதே குழுமத்தின் ஸ்டெர்லைட் ஆலை விரிவாக்கத்துக்கு இங்கே என்ன நடந்தது? மக்களைக் கூட்டிக் கேட்காமலே அனுமதி தரப்பட்டது. 2018 மே 22 அன்றும் மறுநாளும் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். அந்த மே 23 அன்றே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரிவாக்கப் பணிக்குத் தடை விதித்து, கருத்துக்கேட்பு நடத்தியாகவேண்டும் என்றது. ஒருநாள் முன்னால் அல்ல, பல ஆண்டுகள் முன்னால் வந்திருக்கவேண்டிய சொல் அது. அந்தப் பதின்மூன்று பேரின் வீடுகளுக்கு இதைவிடக் கொடுமையான ஒரு தேதி இருக்கமுடியாது. மே 28-இல் அரசு ஆலையை மூடியது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மூடலை உறுதிசெய்தது. கேட்கவேண்டிய நேரத்தில் மக்களைக் கேட்காததன் விலையை இந்த ஊர் கொடுத்துவிட்டது.

கூட்டம் கூட்டினால் மட்டும் போதுமா? அறிவிக்கையின்படி தாக்க மதிப்பீட்டின் சுருக்கம் வட்டார மொழியில் இருக்கவேண்டும். கடல் நீரோட்டம், மணல் நகர்வு, மீன்வளம் பற்றிய விவரமெல்லாம் இருக்கும் முழு அறிக்கை ஆங்கிலத்தில் ஆட்சியர் அலுவலகம் போன்ற சில இடங்களில் வைக்கப்படும். அந்த அறிக்கையைத் தயாரிப்பதும் திட்டக்காரர் அமர்த்தும் ஆலோசகரே. கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாகவேண்டும் என்ற கணக்கும் இல்லை. தருவைக்குளத்திலிருந்து வல்லத்தில் போகிற ஒருவர் அறிவிப்பு வந்த முப்பது நாளுக்குள் அந்த ஆங்கிலக் கட்டை எங்கே போய், யாரை வைத்துப் படிப்பார்?

கிராம சபையில் வருகைக் கணக்கு உண்டு. ஐநூறு பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், பத்தாயிரத்தைத் தாண்டினால் 300 பேர். கையெழுத்துக் கணக்கு சரியாக இருக்கிறது. எதற்குக் கையெழுத்திட்டோம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பொருள்பட்டியலை ஒரே மூச்சில் வாசித்து, ‘ஏகமனதாக’ என்று எழுதி முடித்துவிடுகிற கூட்டங்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். எத்தனை பேர் ஆதரித்தார்கள், எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்ற எண்ணிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும்.

நாள்களையும் பார்க்கவேண்டும். ஆண்டில் ஆறு கிராம சபை நாள்களில் மே 1 மட்டுமே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்குள் விழுகிறது. அன்றுதான் விசைப்படகுக்காரர் எல்லோரும் கரையில் இருப்பார்கள். உப்பளத்தாருக்கு வடகிழக்குப் பருவமழையில் வேலை இல்லை; அவர்களுக்கு நவம்பர் 1 தோது. கடலையும் உப்பையும் தொடும் தீர்மானங்களை இந்த நாள்களுக்கு எடுத்துவைப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

விவரம் அறிந்து இறங்குவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடலடிச் சிப்பிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்து, முத்தை மதிப்பிட்டு, அதன்பிறகே குளிப்பு நாளை அறிவிப்பார்கள். மதிப்புத் தெரியாமல் யாரும் கடலில் இறங்கவில்லை. 1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பு நடக்கவில்லை. கரைக்கு வரும் கேள்விகள் மட்டும் பெருகியிருக்கின்றன. 2024 பிப்ரவரி 28 அன்று ஒரே நாளில் தூத்துக்குடித் துறைமுகத்தின் வெளித்துறைமுகத் திட்டத்துக்கும் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டினார்கள். இவை வேண்டுமா வேண்டாமா என்று இந்த அறிக்கையில் நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்தும் இருக்கிறது. துறைமுக வேலையில் சாப்பிடும் வீடும், மணல் நகர்ந்தால் வலை இழக்கும் வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. படித்துப் பார்த்து வாதாடும் உரிமை இரண்டு வீட்டுக்கும் வேண்டும்.

“கிராம சபைத் தீர்மானம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தாது, எதற்கு இவ்வளவு பாடு?” என்று சிலர் கேட்கிறார்கள். கட்டுப்படுத்தாத இடத்தில்தான் வாசகம் இன்னும் திருத்தமாக இருக்கவேண்டும். பின்னாளில் ஒரு நீதிமன்றமோ ஆணையமோ கையில் எடுப்பது அந்தத் தாளைத்தான். மொழிபெயர்ப்புக்குக் காலமும் பணமும் ஆகும் என்பது உண்மை. அந்தச் செலவைத் திட்டக்காரர் ஏற்கட்டும். பல நூறு கோடித் திட்டத்தில் அது பாரமல்ல.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கேள்வி கேட்க ஊரில் ஒரு தலைவர் இல்லாத காலத்தில் தீர்மானத் தாள் இன்னும் முக்கியமாகிறது. மாநகராட்சியின் அறுபது வார்டுகளில் கூடவேண்டிய பகுதி சபைகளுக்கும் இதே முறையைக் கேட்கிறோம்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்கு நிற்கும் எல்லோருக்கும் மூன்று கேள்விகள் அனுப்புவோம். தீர்மான வாசகத்தைப் பதினைந்து நாள் முன்பு ஒட்டுவீர்களா? ஆதரவும் எதிர்ப்பும் எண்ணிப் பதிவாகுமா? உங்கள் பகுதியைத் தொடும் திட்டத்தின் முழு அறிக்கையையும் தமிழில் கேட்டு வாங்குவீர்களா? வரும் பதில்களை ஒரு சொல்லும் மாற்றாமல் மீன் ஏலக்கூடங்களிலும் கோயில் முற்றங்களிலும் உப்பள வாசல்களிலும் வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு ஒட்டுவோம். பதில் தராதவர் பெயருக்கு எதிரே ‘பதில் இல்லை’ என்று எழுதுவோம்.