வாயில்லா ஜீவனும் வல்லுநர் சொல்லும்

அன்பர் ஒருவர் அண்மையில் நமக்கு எழுதியுள்ள மடல் சிறிய பொருளைப் பற்றியதாகத் தோன்றினும், ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. அவர் இல்லத்தில் ஐந்து மாத லாப்ரடார் குட்டி ஒன்று வளர்கிறது. நாய் ஓநாயின் வழிவந்தது, அதற்குச் சோறு ஆகாது, இறைச்சி ஒன்றே தகும் என்று எவரோ சொல்லக் கேட்டு, எலும்பு நீக்கிய கோழி இறைச்சியை மட்டுமே மூன்று மாதமாக ஊட்டினராம். இப்போது குட்டியின் முன்கால்கள் வளைந்துவிட்டன. எழுந்து நிற்கவும் வலியால் முனகுகிறது. கால்நடை மருத்துவர் உணவை மாற்றச் சொன்னார். வீட்டிலுள்ள இளைஞரோ, “டாக்டர்களுக்கு நாய் உணவைப் பற்றி ஒன்றும் தெரியாது, கம்பெனிகள் சொல்லித் தந்ததையே சொல்கிறார்கள்” என்று மறுக்கின்றனர். “சுவாமி, யார் சொல்லை நம்புவது?” என்பது அன்பரின் வினா.

முதற்கண் குட்டியின் துன்பத்தைக் கவனிப்போம். இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச்சத்தோ மிகச் சொற்பம். வளரும் நாய்க்கு இவ்விரண்டும் ஏறத்தாழச் சமமாகவும், சுண்ணாம்புச்சத்து சற்றே கூடுதலாகவும் கிடைத்தல் வேண்டும். உணவில் அது கிட்டாதபோது, இரத்தத்தில் அதன் அளவு குன்றாதிருக்கும் பொருட்டு, உடல் தன் எலும்பிலிருந்தே அதனை எடுத்துக்கொள்கிறது. எலும்பு மெலிந்து வளைகிறது; சிறு துள்ளலிலும் முறியலாம். அப்படியாயின் கடையில் கிடைக்கும் கால்சியம் டானிக்கை நாமே ஊற்றலாமே எனில், அதுவும் ஆபத்தே. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனத்தின் இளங்குட்டிகளுக்கு, மிகையாக வரும் சுண்ணாம்புச்சத்தை ஏற்காமல் தள்ளும் ஆற்றல் போதாது. அம்மிகையாலும் எலும்பு கோணும். குறைவும் கேடு, மிகுதியும் கேடு. இடைப்பட்ட அளவை அறிந்து சொல்வதற்கே கல்வி வேண்டும். எனவே அன்பர் மருத்துவர் சொற்படி இன்றே உணவை மாற்றுவாராக. அவர் இசையும் வரை குட்டியை ஓடவும் குதிக்கவும் விடாதிருப்பாராக.

இனி, மருத்துவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்னும் கூற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு எனப் பிரித்துக் காண்போம். நம் நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, ஓராண்டுப் பயிற்சி உட்பட, ஐந்தரை ஆண்டுக் காலம். அதில் உணவியலும் ஒரு பாடமே. எனினும் அப்பாடம் பெரும்பாலும் கறவை மாடு, ஆடு, கோழி ஆகியவற்றைச் சார்ந்தது. நாட்டின் தேவை அதுவாயிருந்தமையே காரணம். நாய், பூனை உணவுக்கு அதில் கிடைப்பது சிறிய இடமே. அமெரிக்காவில் கால்நடை உணவியல் வல்லுநர்களுக்குச் சான்றளிக்க 1988-இல் தனி அமைப்பே தோன்றியது. பட்டம் பெற்றபின் மேலும் சில ஆண்டுகள் பயின்றோரே அதன் வல்லுநராவர். அவர்களோடு ஒப்பிட்டால் நம் ஊர் மருத்துவரின் உணவியல் அறிவு குறைவாயிருக்கலாம். ஆனால் அவரைக் குறைகூறும் நம்மோடு ஒப்பிட்டால்? வளைந்த காலைத் தொட்டுப் பார்த்தமாத்திரத்தில் காரணம் உணவே என்று உணர்ந்தவர் அவரன்றோ?

கம்பெனிப் பணம் பற்றிய ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. உணவு நிறுவனங்கள் மருத்துவர் மாநாடுகளுக்குப் பொருளுதவி செய்வதுண்டு; மருத்துவமனையிலேயே உணவுப் பைகள் விற்கப்படுவதும் உண்டு. ஆயினும் பணம் தந்தவர் யார் என்பதனோடு, கண்டறிந்த உண்மை யாது என்பதையும் நோக்குதல் நீதி. 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக ஊட்டி, வாழ்நாள் முழுதும் கவனித்த ஆய்வொன்று 2002-இல் வெளியாயிற்று. அளவாக உண்டவை மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் குறைந்தது. இவ்வாய்வை நடத்தியது நாயுணவு விற்கும் நிறுவனமே! குறைவாக ஊட்டுங்கள் என்பது விற்பவனுக்கு ஆதாயம் தரும் செய்தியன்று; எனினும் உண்மை அதுவே.

மனித அதிகாரத்தை மட்டுமே சார்ந்த வாதம் வாதங்களுள் வலுக்குறைந்தது என்பது புனித தோமா அக்குவினாஸ் தரும் படிப்பினை. “டாக்டர் சொன்னார்” என்பதற்கு இது பொருந்துமாயின், “கைப்பேசியில் வந்தது” என்பதற்கு இருமடங்கு பொருந்தும். ஓநாய்க் கதையையே எடுத்துக்கொள்வோம். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு, ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு பெருகியிருப்பதை 2013-இல் அறிவியலார் வெளியிட்டனர். மனிதனோடு வாழ்ந்து, அவன் உணவில் பங்குபெற்ற விலங்கு அது. நம் சிற்றூர்களில் கேழ்வரகுக் கூழுண்டு காவல் காத்த நாய்களைப் பெரியோர் அறிவர். ஆயினும் தானியமே இல்லாத உணவு என்னும் நாகரிகம் மேனாடுகளில் பரவிற்று. தானியத்திற்குப் பதிலாகப் பட்டாணி முதலிய பருப்புகள் மிகுதியாகச் சேர்ந்த அவ்வுணவுகளுக்கும் நாய்களின் இதய வீக்க நோய்க்கும் தொடர்பு உண்டோ என ஆராய்வதாக அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை 2018-இல் அறிவித்தது. அதற்குத் தூண்டுகோலாயிருந்தவை கால்நடை மருத்துவர்கள் அளித்த தகவல்களே. அதுதான் காரணம் என்று இன்றளவும் நிறுவப்படவில்லை. நேர்மையான மருத்துவர் அதையும் மறையாமல் சொல்வார். தன் அறிவின் எல்லையை அறிந்து பேசுபவரே நம்பத்தக்கவர். எல்லையின்றிப் பேசுபவரிடம் எச்சரிக்கை தேவை.

குடும்பத்தார் செய்யத்தக்கவை சில. மருத்துவரிடம் துணிந்து கேளுங்கள்: இவ்வுணவை ஏன் சொல்கிறீர்கள்? விலை குறைந்த, இதற்கு ஈடான வேறொன்று உண்டா? எத்தனை கிராம் கொடுப்பது? நல்ல மருத்துவர் சினம் கொள்ளார். பையின் மீது, முழுமையான சமச்சீர் உணவு என்னும் உறுதிமொழியும், அது குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்பதும் உள்ளனவா எனப் பாருங்கள். பொருட்பட்டியல் எடை வரிசைப்படி அமைவது. பச்சை இறைச்சியில் பெரும்பங்கு நீரே. ஆகவே பட்டியலில் இறைச்சி முதலில் நிற்பதொன்றே தரத்திற்குச் சான்றாகாது. திறந்த மூட்டையிலிருந்து நிறுத்து விற்பதை வாங்காதீர்கள். அதன் கொழுப்பு கெட்டிருக்கலாம், காலாவதி நாளும் தெரியாது. வீட்டுச் சோறே ஊட்ட விரும்புவோர் சோறும் முட்டையும் போதுமென எண்ணாமல், சேர்க்கவேண்டிய சத்துகளின் அளவை எழுதி வாங்குங்கள்.

விழா நாள்களில் இன்னும் கவனம் தேவை. கிறிஸ்துமஸ் கேக்கிலுள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் நஞ்சே. பிரியாணியின் வெங்காயம் இரத்த அணுக்களை அழிக்கும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். திராட்சையின் நஞ்சுக்குக் காரணம் டார்டாரிக் அமிலமாயிருக்கலாம் என 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சிலர் எடுத்துரைத்தனர். நம் புளியில் நிறைந்திருப்பதும் அவ்வமிலமே. ஆதலின் புளிச்சோறும் புளிக்குழம்பும் நாய்க்கு வேண்டா.

ஏழை எளியோர் பசித்திருக்க, நாய்க்கு இத்துணை ஆராய்ச்சியா எனச் சிலர் கேட்கலாம். வினா நியாயமானதே. 1992-இல் வெளியிடப்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைக் காரணமின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்கிறது. மனிதத் துயர் துடைக்க வேண்டிய பணத்தை அவற்றின் மீது வாரி இறைப்பதும் தகாது என்கிறது. இவ்விரண்டும் முரணானவையல்ல. விளம்பரத்தில் மயங்கி விலைமிக்க பையைத் தேடுவது வேறு. கற்றவரைக் கேட்டு, அளவாக, உரியதைக் கொடுப்பது வேறு. பின்னதில் செலவு குறைவு. மிஞ்சும் பணம் அண்டை வீட்டு அடுப்புக்கு உதவட்டும்.

மருத்துவரை மதிக்குமாறு சீராக் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறது. மதிப்பது என்பது கேள்வி கேளாதிருப்பதன்று. கேட்டு, விளங்கி, அதன்படி நடப்பது. வைத்ததை உண்பதன்றி, தனக்கு எது வேண்டுமெனச் சொல்ல நாய்க்கு வாயில்லை. அதன் தட்டில் நாம் இடுவது அன்போடு மட்டுமன்று, அறிவோடும் இடப்படுவதாக. நம் பொறுப்பில் இறைவன் ஒப்படைத்த எவ்வுயிரும் நம் அறியாமையால் துன்புறாதிருக்கட்டும்.