பசிக்கு விடுமுறை உண்டா?

கோடை விடுமுறை என்றதும் பிள்ளைகளுடைய முகம் மலர்வது இயற்கை. உபாத்தியாயர்களுடைய முகமும் அவ்வாறே மலர்கிறது என்பதை நாம் மறைப்பானேன்? நுங்கு, மாம்பழம், பாட்டியின் கிராமம், மாலை வேளையில் ஆற்று மணலில் விளையாட்டு - வேனிற்காலத்தின் இந்த இன்பங்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் இவையெல்லாம் மத்தியானத்தில் வீட்டில் உலை கொதிக்கிற பிள்ளைகளுக்கே வாய்க்கின்றன. பள்ளிக்கூடத்துச் சோற்றை நம்பியிருக்கும் பிள்ளைக்கோ, கடைசிப் பரீட்சை முடிந்து மணி அடித்ததும் பாடத்தோடு சாப்பாடும் நின்றுவிடுகிறது. இதைப் பற்றியே இவ்வாரம் நேயர்களோடு சிறிது யோசிக்க விரும்புகிறோம்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிப்பது நமக்குப் புதிய தர்மம் அன்று. 1920-ல், ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்கிலிருந்த தனது பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிட்டுச் சிற்றுண்டி அளிக்கச் சென்னை நகரசபை தீர்மானித்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார். 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1995 ஆகஸ்ட் 15-ல் இந்திய சர்க்கார் நாடு முழுவதற்குமான திட்டத்தை ஆரம்பித்தது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டின் ஆரம்பப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்து சேர்ந்தது. வயிறு காய்ந்தால் எழுத்து ஏறாது என்பதில் இத்தனை பேருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2001 நவம்பர் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 300 கலோரியும், 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவு, ஆண்டில் குறைந்தது 200 நாட்கள் அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், எட்டாம் வகுப்பு வரையில் ஒவ்வொரு நாளும் இலவச மதிய உணவு உண்டு என்று உரிமையாகவே எழுதி வைத்தது; கூடவே, பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக என்றும் எழுதி வைத்தது. 365-ல் 200 போனால் 165. இந்தக் கணக்கு நம்முடைய நாலாம் வகுப்பு மாணவனுக்குத் தெரியும். மிச்சமுள்ள நாட்களில் எதைச் சாப்பிடுவது என்பதைத்தான் எந்தக் கணக்குப் புத்தகமும் அவனுக்குச் சொல்லவில்லை.

நீதிமன்றம் இதைக் கவனியாமல் இல்லை. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு அளிக்க வேண்டும் என்று 2004 ஏப்ரல் 20-ந் தேதி உத்தரவாயிற்று. 2016 மே 13-ந் தேதி, பல ராஜ்யங்கள் வறட்சியால் வாடியபோது, அதே கட்டளை மறுபடியும் பிறந்தது. நல்ல உத்தரவுதான். ஆயினும், கூலிக்காரன் வீட்டு அடுப்பு அணைவதற்குச் சர்க்காரின் வறட்சிப் பிரகடனம் வேண்டியதில்லை. மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் சித்திரை வெயிலில் வயல் வேலை குறையும். வேலை குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் பழைய சோறும் குறையும்.

பள்ளி மூடியிருந்தாலும் பிள்ளைக்கு உணவு சேர வேண்டும் என்ற கொள்கையைச் சர்க்காரே ஒரு முறை ஒப்புக்கொண்டது. 2020-ல் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, உணவுக்கு ஈடாகத் தானியமோ பணமோ கொடுக்கும்படி ராஜ்யங்களுக்குச் சொன்னார்கள். 2021 மே மாதத்தில் 11.8 கோடி மாணவர்களுக்காகச் சுமார் 1,200 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. கேட்க மிகப் பெரிய தொகை. பங்கிட்டுப் பார்த்தால் தலைக்குச் சுமார் 100 ரூபாய்! ஆகையால், பணத்தைக் காட்டிலும் பரிமாறிய சோறே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்க நாட்டின் அனுபவமும் இங்கே பயன்படும். பள்ளி மதிய உணவுச் சட்டத்தை அவர்கள் 1946-ல் இயற்றினார்கள். கோடையில் என்ன செய்வது என்ற கேள்வி எழவே, 1968-ல் பரீட்சார்த்தமாக ஒரு திட்டம் தொடங்கி, 1975-ல் அதைத் தனித் திட்டமாக ஆக்கினார்கள். ஏழைகள் மிகுந்த இடங்களில் பள்ளியிலோ, பூங்காவிலோ, மாதா கோயிலிலோ உணவு வைப்பார்கள். வருகிற பிள்ளையை ஏழையா என்று விசாரிப்பதில்லை. ஆனால் அங்கேயே உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று நெடுநாள் விதி இருந்தது. வண்டி வசதியற்ற நாட்டுப்புறப் பிள்ளைகள் எப்படி வருவார்கள்? 2022-ன் முடிவில் சட்டத்தைத் திருத்தி, நாட்டுப்புறங்களில் உணவை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வழி செய்தார்கள். 2024 முதல், பிள்ளை ஒன்றுக்கு மாதம் 40 டாலர் வீதம் கோடைக்கால உணவுக்கென அளிக்கவும் ஏற்பாடாயிற்று. சில ராஜ்யங்கள் அதில் சேர மறுத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். செல்வம் கொழிக்கும் தேசத்திலும் இதற்கு இத்தனை ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

நமக்கோ வண்டிப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. ஆரம்பப் பள்ளி ஊருக்குள்ளேயே இருக்கிறது. சமையற்கூடம் இருக்கிறது, அண்டா இருக்கிறது, தட்டுகள் இருக்கின்றன. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு வேளைக்கு 100 கிராம் அரிசி என்பது தேசியத் திட்டத்தின் அளவு. பள்ளி மறுபடி திறக்கும் வரையில் அந்த அண்டா கவிழ்ந்து கிடப்பானேன்?

"சமைக்கிற அம்மாளுக்கும் ஓய்வு வேண்டாமா?" என்று ஆட்சேபிப்பார்கள். வேண்டும். அருகருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஒரு சமையற்கூடம் என்று வைத்து, முறை போட்டுக்கொள்ளலாம். முறைக்கு வருகிறவர்களுக்குத் தனிக் கூலி கொடுத்தே தீர வேண்டும். தர்மத்தின் பெயரால் அவர்களிடம் இலவச வேலை வாங்கலாகாது. "வெயிலில் பிள்ளைகள் வருவார்களா?" என்பது மற்றோர் ஆட்சேபம். காலை எட்டு மணிக்குக் கதையும் வாசிப்பும், பத்தரைக்குச் சோறு, பதினொன்றுக்கு வீடு என்று வைத்தால் வெயில் என்ன செய்யும்? பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கோடையில் சிறப்பு வகுப்பு வைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் பலர். அந்த வகுப்பில் ஒரு தட்டுச் சோறும் இருந்தால், வருகைப் பதிவேட்டைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியிராது.

நேயர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மே மாதம் முதல் தேதி கிராமசபை கூடுகிறது. பள்ளிக் கதவு சாத்தப்படுவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். நம் ஊரில் விடுமுறையில் மத்தியானம் சாப்பிடாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று அச்சபையில் கேளுங்கள். பெயர்களைச் சொல்லிக் கேட்க வேண்டாம்; எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். அந்த எண்ணைத் தீர்மானத்தில் எழுதி, பள்ளிச் சமையற்கூடத்தைத் திறக்கும்படி ஜில்லா அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். பதில் வருவதற்குள் விடுமுறை முடிந்துவிடலாம்; அடுத்த ஆண்டுக்கும் மே மாதம் உண்டு.