மீன்தொட்டியில் மிதக்கும் செடி

பாலாவியில் என் மாணவன் ஒருவன், தன் மீன்தொட்டியில் பெருகிவிட்ட ஆகாயத்தாமரையை வாளியில் அள்ளிக்கொண்டு குளத்தை நோக்கிப் புறப்பட்டான். தடுத்தேன்.

அச்செடியை வளர்க்கச் சொன்னவனும் நானே. மீன்கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவையும், நுண்ணுயிர்கள் அதனை மாற்றி உண்டாக்கும் நைத்திரேற்றையும் அதன் தொங்கும் வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. இலைநிழலால் பாசியும் அடங்குகிறது. உவர்நீரில் இச்செடி வாழாது. நம் கரையோரத்தார் நல்ல தண்ணீரே ஊற்றுக. நீர்ப்பரப்பில் பாதிக்குமேல் மூடவிடலாகாது. காற்று நீரிற் கலப்பது குறையும். மிகுந்ததை அள்ளி அகற்றினால்தான் அழுக்கு வெளியேறும். அழுகவிட்டால் உறிஞ்சியதெல்லாம் மீண்டும் நீரையே சேரும்.

ஆயின், அள்ளியதைக் குளத்தில் விடலாமோ? 1939இல் ஆய்வுக்கெனக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்னும் மிதக்கும் செடி வெளியே பரவி, நாட்டின் குளங்களையும் வயல்களையும் மூடிற்று. 1980களில் அதனைத் தின்னும் வண்டினை அவுஸ்திரேலியாவிலிருந்து வருவித்து விடவேண்டியதாயிற்று.

வாளி தென்னையடியிற் கவிழ்ந்தது.