கம்பியை வெட்டாதீர்கள்!

இந்த வாரம் உங்களோடு ஒரு பழைய ஸைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். பெண்பிள்ளை ஓட்டிய ஸைக்கிள்தான். ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது!

எங்கள் திருவாடானையில் அடுத்த வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். போன வாரம் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு ஸைக்கிளை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தாத்தா, இது அப்பத்தா ஓட்டினதாம். மேலே இருக்கிற பாரை வெட்டிட்டா லேடீஸ் ஸைக்கிள் ஆயிடும்னு கடைக்காரர் சொல்றார். வெட்டிடலாமா?"

"வெட்டாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை பயந்தே போனாள்.

ஏன் கூடாது? அந்தக் கம்பி வெறும் இடைஞ்சல் இல்லை, ஐயா! ஹாண்டில் பக்கத்தையும் ஸீட் பக்கத்தையும் பிடித்து நிறுத்துவது அதுதான். முன் சக்கரம் பள்ளத்தில் இடிக்கும்போதெல்லாம் அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டால் கீழ்க் கம்பி மட்டும் என்ன செய்யும்? நாலு நாள் தாங்கும். ஐந்தாம் நாள் மடங்கும். 1880-களின் கடைசியில், நீளப் பாவாடை கட்டிய வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்காக லேடீஸ் ஸைக்கிள் செய்தார்களே, அவர்கள்கூட மேல் கம்பியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. சரித்துக் கீழே இறக்கினார்கள். அப்படியே பிறந்த வண்டி வேறு. அறுத்துப் போட்ட வண்டி வேறு.

இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு அப்பத்தாவின் பிறந்த ஊர்ப் பக்கம் போக வேண்டும். நமக்கு வடக்கே, புதுக்கோட்டை ஜில்லா. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு ஸைக்கிளையும் சேர்த்துவிட்டார். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், வயலில் நடவு நட்டவர்கள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று மட்டும் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஊர்வலம் போனார்கள். கடைகளில் லேடீஸ் ஸைக்கிள் போதவில்லை. என்ன செய்வது? ஆண்கள் ஸைக்கிளையே வாங்கினார்கள்! அதைப் பார்க்கப் போன பத்திரிகையாளர் பி. சாய்நாத்திடம், இதுதான் தேவலை என்றுகூடச் சில பெண்கள் சொன்னார்களாம். கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா?

அந்த மாதிரி வாங்கிய வண்டிதான் இது. வெட்டலாமா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, வெட்டாமல் என்ன செய்தோம்? தொண்டிக் கடல் பக்கம் என்பதால் துருவுக்கு இங்கே பஞ்சமில்லை. ஸீட் தண்டு அசையவே இல்லை. சுத்தியலைத் தூக்காதீர்கள்! எண்ணெய் விட்டு இரண்டு ராத்திரி பொறுத்திருந்தோம். மூன்றாம் நாள் தானாகத் திரும்பியது. பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசி, தேய்ந்ததை மாற்றிப் புது கிரீஸ் வைத்தோம். பெடல் கட்டையின் காட்டர் பின் ஒன்று நசுங்கியிருந்தது, அதுவும் புதிது. பின் ரிம் கோட்டம் எடுக்க அரை நாள் ஆயிற்று. பழைய பிரேக் கட்டை கல்லாக இறுகிப்போயிருந்தது. அதை மாற்றாமல் வண்டியைத் தெருவில் இறக்கவே கூடாது.

பிறகு பெண்ணுக்கு ஏற்ற ஜோடனை. ஸீட்டை அடிவரை இறக்கினோம். தாவணி மாட்டாமல் பின் சக்கரத்துக்கு வலை. செயினுக்கு முழு மூடி. சுடிதார் போட்டிருக்கிறாளே, காலைப் பின்பக்கமாகச் சுழற்றிப் போட இரண்டு நாளில் பழகிவிட்டாள். (அதற்கு முன்னால் குரங்குப் பெடல்தான். நான் சிரித்தேன் என்று இன்னும் கோபம்.)

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கம்பியின் நடுவே ஓர் இடத்தில் வர்ணம் வளையமாகத் தேய்ந்திருந்ததைக் கண்டோம். குழந்தை ஸீட்டை முடுக்கிய இடம். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அங்கேதாண்டி உங்கப்பன் உக்காந்து வருவான். தூங்கி விழுவான், ஒரு கையாலே பிடிச்சுக்குவேன்."

மீசை வைத்த அந்த அப்பன் பக்கத்திலேதான் நின்றான். பேச்சையே காணோம்.

அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிக்க வேண்டாமென்று பேத்தி சொல்லிவிட்டாள். மற்ற இடத்துக்குப் பச்சையா நீலமா என்பது இன்னும் தீரவில்லை.