தாமதத்தின் பழி யார் தலையில்?

பால் லோரி ஆலைக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தால் ஒரே கேள்விதான் பிறக்கிறது: "டிரைவர் வழியில் என்ன செய்தான்?" அன்று காலை மரம் ஏன் பிந்தி வெட்டப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஆலை வாசலில் லோரி எவ்வளவு நேரம் காத்து நின்றது என்றும் கேட்பதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்!

ரப்பர்ப் பால் காத்திருக்கும் சரக்கன்று. மரத்தைவிட்டு இறங்கிய நேரம் முதற்கொண்டு கிருமிகள் அதில் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. மருந்து சேர்க்காத பால் சில மணி நேரத்தில் திரிந்து உறையும். அதற்காகத்தான் அமோனியா ஊற்றுகிறோம். அமோனியாவும் கெடுவைத் தள்ளிப் போடுமே தவிர, நீக்கிவிடாது. நல்ல பாலாகப் போய்ச் சேர்ந்தால் கையுறை செய்ய உதவும். உறைந்து போனாலோ கட்டிப்பாலின் விலைதான். ஆகவே அவசரம் உண்மையானது, அதை மறுப்பாரில்லை. அந்த அவசரத்தை யார் தலையில் ஏற்றுவது என்பதே நம் கேள்வி.

ஒரு மழைநாளின் கணக்கைப் பார்ப்போம். விடியுமுன் மழை கொட்டுகிறது. பட்டை ஈரம் காயும்வரை உளி வைக்க முடியாது. ஆறு மணி வெட்டு எட்டரை மணி வெட்டாகிறது. மங்கில் பால் சொட்டி முடிய வேண்டும்; வாளியில் சேர்த்துச் சுமந்து வர வேண்டும்; கொட்டகையில் நிறுத்து, மாதிரி எடுத்து, தொட்டியில் ஊற்ற வேண்டும். டிரைவர் சாவியைத் திருகுமுன்பே இரண்டரை மணி நேரம் போய்விட்டது. பிறகு சேறாகிப் போன செம்மண் பாதை. அப்பால் பெரிய சாலையின் நெரிசல். ஆலையில் முன்னே வந்த லோரிகளின் வரிசை. தோட்டத்து ஆபீசும் ஏசுகிறது, ஆலையும் ஏசுகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

இந்த இடியைத் தாங்க டிரைவர்மார் என்ன செய்கிறார்கள்? சிலர் பகல் சாப்பாட்டை விடுகிறார்கள். சிலர் தூக்கத்தை விடுகிறார்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரோ, போன நேரத்தைப் பிடிக்க எண்ணெயை மிதிக்கிறார். இதில்தான் எமன் இருக்கிறான். தொட்டி நிறையாத லோரியில் பால் சும்மா கிடக்காது. பிரேக்கை அழுத்தினால் முன்னே மோதும். வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து லோரியையே இழுக்கும். பத்து நிமிடத்தை மீட்கப் போய் ஆளையே இழக்கும் வியாபாரம் இது.

2025 மே 13-இல் தெலுக் இந்தானில் கல் லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டதை நாடறியும். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் கனரக வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமானது. நல்லது. இயந்திரத்துக்குக் கருவி பூட்டியாயிற்று. "எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய்" என்று ஓயாமல் விரட்டும் தொலைபேசிக்கு எந்தக் கருவியைப் பூட்டுவது?

பழகிய டிரைவர்மார் வேறு வழி வைத்திருக்கிறார்கள். புறப்படத் தாமதமானால் அப்போதே ஆலைக்குச் சொல்லிவிடுகிறார்கள். தோட்டத்தில் அமோனியா சரியாக ஊற்றப்பட்டதா என்று கேட்டுக்கொள்கிறார்கள். கொட்டகைக்கு வந்த நேரம், புறப்பட்ட நேரம், ஆலை வாசலை அடைந்த நேரம், பால் இறக்கிய நேரம் ஆகிய நான்கையும் குறித்து வைக்கிறார்கள். அந்தச் சிறு காகிதமே அவர்களுக்குக் கேடயம்.

சட்டமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, 5 மணி நேரத் தொடர் வேலைக்கு மேல் போனால் 30 நிமிட ஓய்வாவது தர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை. அதற்கு மேல் மிகுநேரக் கூலி ஒன்றரை மடங்கு. சட்டம் அனுமதித்தவை தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. பிந்தி வந்ததற்கு அபராதம் என்று இஷ்டப்படி வெட்ட எவருக்கும் உரிமையில்லை. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்தால், அந்த வேலையைவிட்டு விலகிக்கொள்ள அது தொழிலாளிக்கு உரிமை தருகிறது. பிரேக் பிடிக்காத லோரியை எடுக்க மறுப்பது திமிரன்று, உரிமை.

"காப்பிக் கடையில் நேரம் போக்கும் டிரைவர்கள் இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கலாம். நேரம் எழுதிய சீட்டு அவரையும் காட்டிக் கொடுக்கும். நாம் கேட்பது சலுகையன்று, சரியான கணக்கு.

ஆகவே மூன்று கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு பால் சீட்டிலும் மேற்சொன்ன நான்கு நேரங்களும் எழுதப்பட வேண்டும். தோட்டமும் ஆலையும் கையொப்பமிட வேண்டும்.

2. வரிசையில் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே. அதற்குக் கூலி உண்டு.

3. மழைநாளில் ஆலைக்குச் சேர வேண்டிய நேரத்தை நிர்வாகமே தள்ளிக் கொடுக்க வேண்டும்.

கிராணித் தோழர்களே! முதற்கோரிக்கை பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. நேரம் எழுத நிர்வாகத்தின் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, பேனா போதும். நாம் காலியாக விடும் கட்டத்தில்தான் டிரைவரின் மீது பழி எழுதப்படுகிறது.

பால்வெட்டுத் தோழர்களே! உங்கள் விடியற்கால உழைப்பைத்தான் அந்த லோரி சுமந்து போகிறது. அது உறையாமல் போக வேண்டும். ஓட்டுபவரும் உயிரோடு திரும்ப வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் டிரைவர்மாரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்.